மே ஒன்றாம் தேதிப் பத்திரிகை

ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்ற பால்துரைக்கு, மகள் கல்யாணமும் ஒரு டிரிப் ஷீட்தான். ஜூன் பன்னிரண்டு, வியாழக்கிழமை, காலை பத்தரைக்குக் கோயிலில் ஜெபாவின் கையை எட்வின் பிடிக்க வேண்டும். அந்தப் பத்தரையை நீளநோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி வந்தார். கோயிலில் கொடுக்க வேண்டிய பாட்டுப் புத்தகம் பத்து நாளுக்கு முன்னால் கையில் இருக்க வேண்டும். சென்னை, பெங்களூர்க்காரர்களுக்குத் தபால் நாற்பது நாளுக்கு முன்னால் போய்விட வேண்டும். உள்ளூர், பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் கையில்தான் பத்திரிகை. அது முடிகிற வரை வாட்ஸ்அப்பில் ஒரு படம்கூட வெளியே போகக் கூடாது என்று ஜெபாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி பத்திரிகை அச்சாகி வந்தது. போதகரிடம் கொண்டுபோய் ஜெபித்து வாங்கியாயிற்று. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு வீடு. பஸ் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து ஊர்களை ஒன்றாகக் கட்டினார். சேத்தூர்ப் பக்கம் மே ஒன்று. ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பும் சுற்றுப்பட்டும் நாலு. கான்சாபுரம், வத்திராயிருப்பு எட்டு. உள்ளூர் பத்திலிருந்து பதினாறு வரை. கடைசியில், இருநூற்றுப் பதினான்காவதாக, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற அவருடைய சொந்த அக்கா ஏசம்மாள்.

பியூலா நோட்டை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள்.

"ஏங்க, அண்ணியப் போயி கடைசியில போட்டிருக்கிய?"

"வில்லிபுத்தூர் பக்கத்துலதான இருக்கு. அடிக்கடி பஸ்சு இருக்கு. தூரத்த மொதல்ல முடிச்சிட்டா அக்காகிட்டச் சாவகாசமா உக்காந்து பேசலாம்லா."

"ஒங்க அப்பா என்ன சொல்லுவாவ? வீட்டுல பொறந்த பொண்ணுக்கு வச்சிட்டுத்தான் ஊருக்கு வைக்கணும்பாவ. நம்ம கல்யாணத்துக்கும் அப்படித்தான வச்சாவ?"

"அது அந்தக் காலம். இப்ப ரூட் பாத்துதான் போகணும்."

பியூலா நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தாள். ரூட் எதனால் அப்படி வளைந்தது என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள ஒரு நோட்டும் பேனாவும் கிடைத்துவிட்டால், மனுஷனுக்கு அதைவிட வேறு என்ன வசதி வேண்டும்?

விஷயம் மூன்று வருஷத்துப் பழசு. அப்பாவின் நினைவு நாளில் ஜெபக்கூட்டம் முடிந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஏசம்மாள் தம்பியின் இலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏலே தொரை, பென்சனுக்கு ஒன் மவளக் குடுத்துரு. நான் வேற எங்கயும் பாக்கப் போறதில்ல" என்றாள். பென்சன் அவளுடைய ஒரே மகன். மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தான். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத பிள்ளை. பால்துரை வாயில் இருந்த இட்லியை விழுங்கிவிட்டு, "பாப்போம்க்கா. பி.எட். முடிக்கட்டும்" என்றார்.

அன்றைக்கு ராத்திரியே ஜெபா தெளிவாகச் சொல்லிவிட்டாள். "பென்சன் அத்தான் நல்லவங்கதான்ப்பா. ஆனா எனக்கு அப்படி நெனப்பே வரல. அத்தகிட்டச் சொல்லிருங்க." பால்துரை சொல்கிறேன் என்றார். அவருக்கு மகளைக் கட்டாயப்படுத்துகிற எண்ணம் துளிகூட இல்லை. அக்காவிடம் போய் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் நாள் அமையவில்லை. பி.எட். முடிந்ததும் கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றார். கிறிஸ்துமஸ் கழிந்ததும் அக்காவுக்கு முழங்கால் வலி, இப்போது போய்ச் சொல்ல வேண்டாம் என்றார். ஏசம்மாள் ஒருதரம் கேட்டாள், இரண்டு தரம் கேட்டாள். அதற்குப் பிறகு போனில் மழை பெய்ததா, சுகமா என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். ஒரு நிமிஷம் தாமதமாக வந்த பஸ்ஸுக்குக்கூட கண்டக்டரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்ட மனிதர், தன் வாயிலிருந்து புறப்பட வேண்டிய ஒரு சொல்லை மூன்று வருஷம் ஸ்டாண்டிலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

எட்வின் வீட்டுச் சம்பந்தம் தை மாதம் கூடி வந்தது. பையன் ஆசிரியர், அப்பா ராஜரத்தினமும் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள். நிச்சயத்தைத் தனியாக வைத்தால் அக்காவை அழைக்க வேண்டுமே என்ற நினைப்பில்தானோ என்னவோ, "செலவ சுருக்கி, கல்யாணத்துக்கு மொத நாச் சாயங்காலமே நிச்சயத்த வச்சிக்கிடுவோம்" என்று பால்துரையே யோசனை சொன்னார். சம்பந்தி வீட்டார் இவரை மெச்சிக்கொண்டார்கள். முதல் ஓலை வாசிக்கிற வரை தங்கள் கோயிலில் யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்றும் ஒத்துக்கொண்டார்கள்.

மே ஒன்றாம் தேதி முதல் பத்திரிகை சேத்தூரில் பியூலாவின் சித்தப்பாவுக்குப் போனது. கவரின் மூலையில் தேதியையும் வரிசை எண்ணையும் சின்னதாக எழுதிக் கொடுப்பது பால்துரையின் பழக்கம். டைம் கீப்பர் புத்தி. வாங்கியவர்கள் பார்த்துச் சிரித்தார்கள்.

எட்டாம் தேதி கான்சாபுரம் போக ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கித்தான் வேறு பஸ் ஏற வேண்டும். ஏசம்மாள் வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிஷ நடை. வத்திராயிருப்பு பஸ் புறப்பட முக்கால் மணி நேரம் இருந்தது. போய் வரலாம். பியூலா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பழம் வாங்கல. வெறுங்கையோட அக்கா வீட்டுக்குப் போக முடியுமா?" என்றார் பால்துரை. பின்னால் நாலு பழக்கடை இருந்தது. பியூலா திரும்பி அந்தக் கடைகளை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு பேரும் பஸ் ஜன்னலோரம் முக்காடு போடாத குறையாக உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, எதற்கும் ஒரு கடைசி நேரம் உண்டே. அதுவும் நோட்டில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டுக் கோயிலிலும் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலும் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நியமித்திருக்கிறது, தடை இருக்கிறவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் சபைக்கு அறிவிப்பார். முதல் ஓலை மே பதினெட்டு. மாப்பிள்ளை வீட்டுக் கோயிலும் ஏசம்மாள் போகிற கோயிலும் ஒன்றுதான். ஆகவே பதினேழாம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம், அக்கா வீடு என்று சிவப்பு மையில் போட்டு வைத்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் பாட்டுப் புத்தகத்தின் மாதிரித்தாள் தயாராகிவிட்டதாக அச்சகத்திலிருந்து போன் வந்தது. பார்த்துக் கொடுக்க அரை மணி நேரம் போதும். பால்துரை அச்சகத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக மூன்று தரம் படித்தார். அட்டைக்கு ரோஸ் கலரா, வெளிர் நீலமா என்று முதலாளி சங்கரலிங்கத்தோடு தர்க்கம் செய்தார். சங்கரலிங்கமே அலுத்துப்போய், "அண்ணாச்சி, எதப் போட்டாலும் பாட்டு அதேதான்" என்றார். வீட்டுக்கு வந்தபோது ஆறே முக்கால்.

"இன்னைக்கும் போகல" என்றாள் பியூலா.

"நாளைக்கு மத்தியானம் போவோம். அக்கா எப்பவும் காலையில ஆறு மணி ஆராதனைக்குத்தான் போவா. ஓலை வாசிக்கிறது ஒம்பது மணி ஆராதனையில. அவ வீட்டுக்கு வந்து சமையல் பண்ணிக்கிட்டிருக்கும்போதுதான் வாசிப்பாவ. ஒரு மணிக்கு நாம போயி நிப்போம். நம்ம வாயாலதான் கேப்பா." கணக்கு சுத்தமாக இருந்தது. அவரே ஒருதரம் நினைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

மறுநாள் ஓலை வாசித்துக் கேட்டுவிட்டு, தன் கோயிலிலிருந்து சந்தோஷமாக வெளியே வந்தவருக்கு ராஜரத்தினத்திடமிருந்து போன் வந்தது.

"மொத ஓலை நல்லபடியா வாசிச்சாச்சு சம்பந்தி. இன்னைக்கு எங்க கோயில்ல பிரதிஷ்டைப் பண்டிகை. வருசத்துல இந்த ஒரு ஞாயித்துக்கெழமை மட்டும் ரெண்டு ஆராதனையும் சேத்து ஒண்ணாத்தான் வைப்பாவ. சரியான கூட்டம். ஒங்க அக்காகூட ரெண்டாவது வரிசையில இருந்தாவ."

பால்துரை அதற்கு என்ன பதில் சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. பன்னிரண்டேகால் பஸ்ஸுக்குப் போக இருந்தவர் பதினொன்று நாற்பதுக்கே பியூலாவை இழுத்துக்கொண்டு ஓடினார். பழம் வாங்க மறக்கவில்லை. ஆப்பிள் ஒரு கிலோ, ஆரஞ்சு ஒரு கிலோ. இனிமேல் எம்புட்டுப் பழம் வாங்கி என்ன?

கதவைத் திறந்தது ஏசம்மாள்தான். கோயிலுக்குக் கட்டின வெள்ளைச் சேலையை இன்னும் மாற்றவில்லை. "வா. வா பியூலா. வெயில்ல வந்திருக்கிய, உக்காருங்க" என்றாள். இரண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பென்சன் கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பது பால்துரைக்குத் தெரியும்.

"அக்கா, அது வந்து, நேத்தே வரணும்னு…"

"மொதல்ல தண்ணியக் குடி."

குடித்தார். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குப் பட்டது. அவள் குரலில் கோபமே இல்லை.

"ஒன் பேரச் சொன்னதும் எனக்கு மொதல்ல வெளங்கல தொரை. ராஜபாளையம் பால்துரை பியூலா தம்பதிகளின் மகள்னு வாசிச்சாரு. நம்ம தொரையா, நம்ம ஜெபாவான்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். தடை இருந்தா சொல்லலாம்னு கேட்டாரு பாரு, அப்பம் எனக்கு முன்னால இருந்தவளுவ அம்புட்டுப் பேரும் திரும்பி என்னையப் பாத்தாளுவ. ஒன் மவளத்தான் பென்சனுக்குக் கேட்டிருக்கேன்னு எல்லாருக்கும் தெரியும்லா. நான்தான சொல்லி வச்சிருந்தேன்."

பியூலா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஜெபாவுக்குப் பிடிக்கலன்னா அதுல ஒரு தப்பும் இல்ல. பிள்ளைக்குப் பிடிக்கணும்லா. நீ அன்னைக்கே இல்லன்னு சொல்லியிருந்தா நான் ஒரு வாரம் அழுதிருப்பேன். பொறவு எந்திரிச்சு வேற எடம் பாத்திருப்பேன். போன வருசம் சாத்தூர்லருந்து ஒரு எடம் வந்துச்சு. அதுக்கு முந்தி திருவேங்கடத்துப் பிள்ள ஒண்ணு, நர்சு. தம்பி வாயிலருந்து ஒரு பதில் வரட்டும்னு ரெண்டையும் தட்டிவிட்டுட்டேன். இப்ப அவனுக்கு முப்பத்திநாலு. எனக்கு நீ பொண்ணு தராதது வருத்தமில்ல. பதில் தராததுதான்."

பால்துரைக்கு அந்த இரண்டு இடங்களைப் பற்றித் தெரியாது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் யாரிடமும் கேட்கவுமில்லை. அக்காவின் மனம் நோகும் என்று மட்டும்தான் மூன்று வருஷமாகப் பயந்துகொண்டிருந்தார். அந்த மூன்று வருஷமும் பென்சனின் வயசிலிருந்து போய்க்கொண்டிருந்தது அவர் நோட்டில் எங்கேயும் இல்லை. தலை நிமிரவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்க்கா" என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னச் சொல் என்று தெரிந்தது.

"சரி விடு. எந்திரி. முறைப்படி குடுங்க" என்றாள் ஏசம்மாள். கை கழுவி வந்து தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். புருஷனும் பெண்டாட்டியுமாக எழுந்து நின்று தட்டில் பழத்தையும் பத்திரிகையையும் வைத்து நீட்டினார்கள். ஜெபம் பண்ணிக் கொடுக்க வேண்டும். பால்துரை 'ஆண்டவரே' என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டார். கடைசியில் ஏசம்மாளே கண்ணை மூடி, ஜெபாவும் எட்வினும் நீடூழி வாழ வேண்டும் என்று ஜெபம் பண்ணி, தட்டை வாங்கிக்கொண்டாள்.

பத்திரிகையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாள். கவரின் மூலையைத் தடவினாள். அதில் மட்டும் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவசரத்தில் விட்டுப்போயிருந்தது.

"பேனா இருக்கா?"

பால்துரை சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"கோயில் விட்டதும், முன் வரிசையில இருந்த ஞானபாக்கியம் என் கையப் பிடிச்சிக்கிட்டா. 'என் தங்கச்சிக்குக் கான்சாபுரத்துக்கே எட்டாந்தேதி வந்து வச்சிட்டாவ, தேதியும் நம்பரும்கூடப் போட்டிருந்துச்சு, ஒனக்கு எப்ப வச்சான் ஒன் தம்பி'ன்னு கேட்டா. சுத்தி நாலு பேர் நிக்காவ. எட்டாந்தேதி நீ இந்த பஸ் ஸ்டாண்டுல எறங்காம பறந்தா போயிருப்ப?" என்றவள் கவரின் மூலையை இன்னொரு தரம் தடவினாள். "மே ஒண்ணாந்தேதியே வச்சிட்டான்னு சொன்னேன். மொதக் கார்டே எனக்குத்தான், நான்தான் ஊருக்குள்ள சொல்லல, ஓலை வாசிக்கிறவரைக்கும் வெளிய விடக்கூடாதுன்னு இருந்தேன்னு சொன்னேன். கோயில் வாசல்ல நின்னு பொய் சொன்னேன் தொரை. நாளைக்கு அவ கார்டப் பாக்க வாரேன்னுருக்கா."

கவரை அவர் முன்னால் வைத்தாள்.

"தேதி போடு. ஒண்ணாம் நம்பர், மே ஒண்ணு."

இருபத்திரண்டு வருஷத்தில் பால்துரை வராத பஸ்ஸை வந்ததாக எழுதினதில்லை. பிந்தி வந்ததை நேரத்துக்கு வந்ததாகவும் எழுதினதில்லை. எத்தனையோ கண்டக்டர்கள் கெஞ்சியிருக்கிறார்கள்; ஒருவன் காலைத் தொட்டே கும்பிட்டிருக்கிறான். நேரம் நேரம்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இப்போது அக்கா வீட்டு நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து, 1 என்று எழுதி வட்டம் போட்டு, பக்கத்தில் மே ஒன்று என்று எழுதினார். அவர் கையெழுத்துக் கோணி யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குக் கோணியது.

ஏசம்மாள் மை காய ஊதி, பைபிளுக்குள் வைத்தாள்.

"அக்கா, மொத நாளே வந்துரணும். நிச்சயத்துக்கு நீ முன்னால நிக்கணும். பென்சனயும் கூட்டிக்கிட்டு…"

"கல்யாணத்துக்கு வாரேன். கோயில்லருந்து வேன் வருதாம், எல்லாரும் வாரதுல வாரேன்" என்றாள். பிறகு பியூலாவிடம் திரும்பி, "சாப்பிட்டுப் போங்க. ரசம் வச்சிருக்கேன்" என்றாள்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி எல்லாம் நோட்டில் உள்ளபடி நடந்தது. பத்தரைக்கு மணி அடித்தது. பாட்டுப் புத்தகத்தில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. வெளிர் நீல அட்டையை எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். முதல் நாள் நிச்சயத்தில் அத்தை நிற்க வேண்டிய இடத்தில் பியூலாவின் சித்தி நின்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வேன் பத்து இருபதுக்குக் கோயில் வாசலுக்கு வந்தது. ஏசம்மாள் நாலாவதாக இறங்கினாள். ஆராதனை முடிந்து மண்டப வாசலில் சந்தனத் தட்டோடு நின்ற பால்துரையிடம் மற்றவர்கள் எடுத்த மாதிரியே ஒரு விரல் சந்தனம் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மேடையேறி ஜெபாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். ஜெபா அவளைக் கட்டிப்பிடித்து அழுதது மட்டும் நோட்டில் இல்லாதது. பென்சன் வரவில்லை.

பந்தி முடிகிற நேரத்தில் ஞானபாக்கியம் ஏசம்மாளையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பால்துரையிடம் வந்தாள்.

"ஒங்கள நேர்ல பாத்துச் சொல்லணும்னுதான் வந்தேன் அண்ணாச்சி. ஒங்க அக்கா அந்தக் கார்ட பைபிளுக்குள்ள வச்சிருக்கா. ஒண்ணாம் நம்பர், மே ஒண்ணு. நாங்க எல்லாரும் பாத்தோம். பொண்ணு கேட்டு அமையலன்னா பேச்சையே விட்டுருதாவ இந்தக் காலத்துல. நீங்க மொதக் கார்டையே கூடப்பொறந்தவளுக்கு வச்சிருக்கிய. எந்தத் தம்பி இப்படி இருக்கான்?"

பால்துரை அக்காவைப் பார்த்தார். அவள் பந்திப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் இதற்கு முன்னால் ஒன்று இருந்தது. அப்போது சொல்லவில்லை. இப்போது சொன்னால் அவள் தலைதான் குனியும்.

"ஆமாம்மா. அக்காவுக்குத்தான மொதல்ல" என்றார்.

ஞானபாக்கியம் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு ஐஸ்கிரீம் பக்கம் போனாள். ஏசம்மாள் தோளில் கிடந்த தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அன்றைக்கு முதன்முதலாகத் தம்பியிடம் பேசினாள்.

"வேன் கெளம்ப நேரமாகுமாம். வில்லிபுத்தூருக்கு இப்ப பஸ் இருக்கா?"

டைம் கீப்பர் ஜன்னலில் வந்து நின்று ஆயிரம் பேர் அவரிடம் கேட்ட கேள்விதான். பால்துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு இருவதுக்கு இருக்குக்கா" என்றார்.

அவள் சரி என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.